பூங்காவனத்தம்மாள் தண்ணீர் சுமந்த கதை

மேம்பாலத்துக்கு அடியில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் பூங்காவனத்தம்மாள் பெருக்கும் வேலை பார்த்தார். கையில் துடைப்பம், வாயில் அங்காளம்மன் பெயர். வேறு மந்திரம் அவருக்குத் தெரியாது.

அங்கே பாடம் சொன்ன பன்னிரண்டு பேரும் பெண்கள். காலையில் வீட்டில் குடித்த காபியோடு சரி. மாலை வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். கழிப்பறை இருந்தது, உள்ளே கால் வைக்க முடியாது. குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும். அடிவயிற்று வலியோடு எத்தனை நாள் நின்று பாடம் நடத்துவது? ஆளாளுக்கு மாறுதல் கேட்டு மனுப் போட்டார்கள். மேலிடம் மனநிறைவுப் பயிற்சி என்று ஒன்றை நடத்தி, கண்ணை மூடி மூச்சு விடச் சொன்னது. வெட்கத்தில் யாரும் காரணத்தைச் சொல்லவில்லை.

அம்மாளுக்குத் தெரியும். எழுத்துச் சொல்லித் தருகிறவள் எவளோ அவளே ஆத்தாள் என்பது அவர் எண்ணம். தெருமுனை அடிபம்பிலிருந்து நாளுக்கு இருபது குடம் சுமந்து கழிப்பறையைக் கழுவினார். வாசற்படியில் ஒரு செம்பருத்தியும் வைத்தார்.

வேலைக்கு ஆள் வைக்கிற மேஸ்திரி டில்லிபாபு சிரித்தான்.

"இன்னாமே, கக்கூஸுக்குப் பூசையா? கற்பூரம் எப்ப காட்டுவ?"

"ஆத்தா பொழங்கற எடம்பா. நாறலாமா?"

"கிளாஸ் பெருக்கறதுதான் உன் வேல. பேச்சு கேக்க மாட்ட நீ. நாளைலேர்ந்து வராத."

"இன்னிக்கு இருக்கேன் இல்ல" என்று குடத்தை எடுத்தார் அம்மாள்.

அன்று மத்தியானம் பார்வையிட வந்தவர் ஒரு பெண் அதிகாரி, சிவப்புச் சேலை. முதலில் கழிப்பறை எங்கே என்றுதான் கேட்டார். வெளியே வந்து ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தார்.

"ஏழு ஸ்கூல் ஏறி எறங்கிட்டேன். இங்கதான் தைரியமா தண்ணி குடிக்கிறேன். யாரு கழுவறது?"

டீச்சர்கள் கை காட்டினார்கள்.

"நாளைலேர்ந்து நான் இல்லீங்க. மேஸ்திரி வேணான்னுட்டாரு. இவங்க பாடுதான் தெரியல" என்றார் அம்மாள்.

"நீ குந்து தாயி."

அதிகாரி சேலையை இழுத்துச் செருகி, குடத்தை இடுப்பில் வைத்து அடிபம்புக்கு நடந்தார். பன்னிரண்டு பேரும் வாளிகளோடு பின்னால் போனார்கள். தொட்டி நிரம்பியது. பார்வைப் புத்தகத்தில், 'இந்த அம்மாளை நீக்கக் கூடாது. குழாயில் தண்ணீர் வரச் செய்யவும்' என்று எழுதிவிட்டுப் போனார் அவர்.

மேலிடத்தில் விசாரித்தால், அன்று அந்தப் பக்கம் யாரையும் அனுப்பவில்லை என்றார்கள். ஆபீஸ் பேச்சை நம்ப வேண்டியதில்லை. ஆனால் புத்தகத்தில் கையெழுத்துக்குப் பதில் ஒரு விரல் குங்குமம் இருந்தது. அதைப் பன்னிரண்டு பேரும் பார்த்தார்கள். குழாயில் தண்ணீர் வந்தது. அந்த வருஷம் மாறுதல் மனு ஒன்றுகூடப் போகவில்லை.

தன்னை உட்கார வைத்து அங்காளம்மன் தண்ணீர் சுமக்கும்படி வாழ்ந்தவர் பூங்காவனத்தம்மாள். அவர் பெயரை எழுந்து நின்று சொல்வதே முறை.