வடக்கு பார்த்த கருவி

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இஸ்மாயில் ஐயா சொன்னதில் ஒரு வார்த்தை மாறினாலும் அர்த்தம் மாறிப்போகும். ஆகவே நடந்ததை நடந்தபடி வைக்கிறேன்.

பென்னாகரத்துக்கு மேற்கே எங்கள் மேட்டுக்காட்டில் மோட்டார் ரூம் ஒன்று சும்மா கிடந்தது. ஆடி மாதம் அதற்குள் குழி வெட்டி, குடம் போல ஒரு கருவியை இறக்கினார்கள். இறக்கியவள் பூங்கோதை. தன் வாத்தியார் இஸ்மாயில் ஐயாவிடம் ஆராய்ச்சி செய்பவள்.

"எங்கேயோ கடலுக்கு அந்தப்பக்கம் நிலம் ஆடினா, அந்த ஆட்டம் பூமிக்குள்ள புகுந்து இங்க வரைக்கும் வரும்க்கா. நம்ம காலுக்குத் தெரியாது. இதுக்குத் தெரியும்" என்றாள்.

இருபது ஊரில் இப்படி வைத்திருந்தார்கள். அவற்றில் எட்டு இவள் வைத்தது. எல்லாம் கேட்டதைச் சேர்த்துப் பார்த்தால், அடியாழத்தில் பாறை எங்கே கெட்டி, எங்கே இளக்கம் என்று தெரியுமாம். பிறகு தோண்டி எடுத்து வேறு ஊருக்குக் கொண்டுபோவார்களாம்.

கருவியின் தலையில் ஓர் அம்புக்குறி. அது வடக்கே பார்த்திருக்க வேண்டும்.

"தொடாதீங்கக்கா. அவ்வளவுதான்" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஆயுத பூஜை வந்தது. அரிவாள், மண்வெட்டி, வீட்டுக்காரரின் கரணை, ரசமட்டம் எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்தேன். நாள் தவறாமல் வேலை செய்கிற சாமான் ஒன்று மட்டும் குழியில் தூசியோடு கிடப்பது மனசுக்கு ஒப்பவில்லை. போய்த் துடைத்தேன். எங்கள் வீட்டில் எதையும் கிழக்கு பார்த்து வைத்துத்தான் படைப்போம். அம்பைக் கிழக்கே திருப்பினேன். கொத்தனார் பெண்டாட்டி அல்லவா, ரசமட்டத்தில் இருப்பதுபோல் அதன் மேலே இருந்த நீர்க்குமிழி நடுவுக்கு வரும்வரை திருகிச் சரிசெய்தேன். சூடம் காட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் திருப்பி வைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன்.

"அறிவிருக்காடி? கவர்மெண்டு சாமான். கை வெச்சது தெரிஞ்சா கேஸ் போடுவான். இனிமே அந்தப் பக்கமே போகாதே."

போகவில்லை. மார்கழியில், நாளைக்கு வருகிறேன் என்று பூங்கோதை போன் செய்தாள். விடிந்ததும் ஓடிப்போய் அம்பை வடக்கே திருப்பினேன். அவள் வந்து பார்த்து, "நல்லா பாத்துக்கிட்டீங்கக்கா" என்றாள். மோர் எடுத்துவருகிறேன் என்று நகர்ந்தேன்.

மாசியில் கருவியை எடுக்க அவளும் இஸ்மாயில் ஐயாவும் வந்தார்கள். பூங்கோதையின் முகம் வெளுத்திருந்தது.

"நடுவுல மூணு மாசம் இது திசை மாறிக் கேட்டிருக்குக்கா. நான் வந்த அன்னைக்கே சரியாயிருக்கு. வெக்கும்போதே நான் தப்பா வெச்சு, அப்புறம் திருட்டுத்தனமா சரி பண்ணிட்டேன்னு ஆபீஸ்ல பேசுறாங்க. இது தப்புன்னா நான் வெச்ச எட்டும் தப்பாம்."

"ஆடியில சரியாத்தானே கேட்டிருக்கு?" என்றார் ஐயா.

"அதையும் நான் ஜோடிச்சதுங்கறாங்க சார். என்னன்னு பதில் எழுதட்டும்? கருவிக்குக் கால் முளைச்சுத் திரும்புச்சுன்னா?"

ஐயா சிரிக்கவில்லை. "கண்ணை மூடு" என்றார். அவள் தோளைப் பிடித்து நாலு சுற்றுச் சுற்றி நிறுத்தினார். வெளியே என் ஆடு கத்தியது.

"எந்தப் பக்கம்?"

"வலப்பக்கம் சார்."

"கிழக்கா, மேற்கா?"

"நான் எங்க பாத்து நிக்கிறேன்னே தெரியலையே."

"காது கேக்கலையா?"

"நல்லா கேக்குது சார்."

"அப்ப யாரைக் கேக்கணும்?"

கொஞ்சம் யோசித்தாள். "பக்கத்துல நின்னு பாத்தவங்களை."

கண்ணைத் திறந்தாள். பக்கத்தில் நின்றது நான்தான்.

"அக்கா, யாராச்சும் உள்ள வந்தாங்களா? ஆடு மாடு, பிள்ளைங்க? யாரும் திட்ட மாட்டாங்க."

"யாரும் வரல கண்ணு. கதவையே திறக்கல."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஐயா என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒரு தாளை எடுத்து எழுதி, படித்துக் காட்டினார். ஆடி முதல் மாசி வரை, பூங்கோதை வந்த நாள் தவிர, இந்தக் கதவு திறக்கப்படவில்லை.

"இதான் நீங்க சொன்னது. சரியாம்மா?"

"சரிங்க. இந்தப் பொண்ணுக்கு என்ன ஆகும்யா?"

"எட்டையும் ஒதுக்கிடுவாங்க. நாலு வருஷ உழைப்பு."

பூங்கோதை குழிக்குள் இறங்கி, கருவியின் வயரைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவள் முதுகு மட்டும் தெரிந்தது.

"கருவி பொய் சொல்லுமாங்க?"

"கேட்டதைத்தான் எழுதும்மா. எந்தத் தேதியில திரும்புச்சுன்னு ஒரு ஆள் சொன்னா, கோணலாக் கேட்டதைக்கூட நேராக்கிடலாம். ஆள் சொல்லாட்டி, நேராக் கேட்டதையும் யாரும் நம்ப மாட்டாங்க."

தாளைத் தன் பக்கமே வைத்துக்கொண்டு காத்திருந்தார். வெகுநேரம் காத்திருந்தார்.

நான்தான் கை நீட்டி அதை வாங்கினேன். கதவு திறக்கப்படவில்லை என்ற அந்த வரிக்குக் கீழே, மாதம்மாள் என்று எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டேன்.