போய் வருகிறேன் என்று சொன்ன ராஜா

முன்னே ஒரு காலத்திலே ஒரு ராஜா இருந்தார். ராணி காலமாகிவிட்டாள். பெற்றது ஒரே பெண், மரகதவல்லி. அவளையும் மலைக்கு அப்பால் தூர தேசத்தில் கட்டிக்கொடுத்தாயிற்று. பல்லக்கில் ஏறும்போது "போய் வருகிறேன், அப்பா" என்று சொல்லிவிட்டுப் போனவள்தான். மழைக்காலங்கள் வந்து போயின, அவள் வரவில்லை.

ராஜா சாப்பிட உட்கார்ந்தால் எதிரே இன்னொரு இலை போடச் சொல்வார். அதில் சோறு ஆறிப்போகும்.

"எடுத்துவிடலாமா, மகாராஜா?"

"இருக்கட்டும். வருகிறேன் என்றாளே."

ஒருநாள் அந்தத் துக்கம் கோபமாகத் திரும்பியது. சபையில் எழுந்து நின்றார். "நம் நாட்டில் போகிறவர்கள் எல்லோரும் போய் வருகிறேன் என்கிறார்கள். அப்புறம் எட்டிப் பார்ப்பதில்லை. இனிமேல் அப்படிச் சொன்னவர், யாரிடம் சொன்னாரோ அவரிடம் அடுத்த பௌர்ணமிக்குள் வந்தாக வேண்டும். தவறினால் நாக்கில் சூடு! ஆண்டிக்கும் அரசனுக்கும் இதே சட்டம்."

ஊர் படாதபாடு பட்டது. விருந்துக்கு வந்தவர்கள் கிளம்ப வழி தெரியாமல் உட்கார்ந்துவிட்டார்கள்.

"என்னங்க, சம்பந்தி வீட்டுக்காரங்க இன்னும் கிளம்பலையா?"

"எப்படிடீ கிளம்புவாங்க? வர்றேன்னா மறுபடியும் வரணும். சொல்லாமப் போறதுக்கு இது என்ன எழவு வீடா? பேசாம இன்னும் ஒரு படி அரிசி போடு."

அரண்மனை விகடகவி வாஞ்சியப்பன். அந்த நாட்களில் ராஜாவை நாலு வார்த்தை பேசவைக்க அவர் ஒருவரால்தான் முடிந்தது. பிரதானி சிங்கராயருக்கு அது வயிற்றெரிச்சல். விகடனுக்கு நாக்குதானே பிழைப்பு, அதிலேயே சூடு வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்.

"மகாராஜா, மருமகப்பிள்ளையின் நாட்டுக்கு ஒரு தூது அனுப்பலாம். வாஞ்சியப்பரே அதற்குத் தக்கவர்."

அந்த ஊர் போய்ச் சேரவே பௌர்ணமி ஆகிவிடும். திரும்புவது எங்கே? ஆனால் மகளின் ஊர்ப்பேர் காதில் விழுந்ததும் ராஜாவுக்கு வேறொன்றும் தோன்றவில்லை. "அனுப்புங்கள்" என்றுவிட்டார்.

வாஞ்சியப்பன் கைகட்டி நின்றார். "உத்தரவு. தூதனை எல்லைக்கல் வரை அரசர் வந்து வழியனுப்புவது முன்னோர் வழக்கம். விடைபெறுவதை அங்கே வைத்துக்கொள்கிறேன்."

எல்லைக்கல்லுக்குப் போனார்கள். வாஞ்சியப்பன் வாயும் திறக்கவில்லை, காலும் பெயர்க்கவில்லை. வெயில் ஏறியது.

"என்ன வாஞ்சியப்பரே, வாய் அடைத்துவிட்டதா?"

"பத்திரமாக மூடி வைத்திருக்கிறேன், பிரதானியாரே. இருப்பது ஒரே நாக்கு."

ராஜா இதையெல்லாம் கேட்கவில்லை. மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு அந்தப் பக்கம் அவள் இப்போது என்ன செய்துகொண்டிருப்பாள்? நம்மை நினைப்பாளா? கண் நிறைந்துவிட்டது. இவர்கள் பார்த்துவிடப் போகிறார்களே என்று சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சரி, வாஞ்சியப்பா. நான் போய் வருகிறேன்."

சிங்கராயருக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாஞ்சியப்பன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தார்.

"நல்லது, மகாராஜா. பௌர்ணமிக்குள் என்னிடம் வந்தாக வேண்டும். பௌர்ணமிக்கு அடியேன் இளவரசியார் வாசலில் நிற்பேன். தனியே எதற்கு அலைச்சல்? இப்போதே கூட வந்துவிட்டால் அடியேனும் விடை சொல்ல வேண்டியதில்லை. இருவர் நாக்கும் பிழைக்கும்."

ராஜா ஒரு கணம் திகைத்தார். பிறகு சிரித்தார். எத்தனை காலம் கழித்து வந்த சிரிப்பு! "அரசன் சொல் தவறலாமா? பூட்டுங்கள் தேரை!"

"அப்படியானால் அடியேன்..." என்று தொடங்கிய சிங்கராயர் வாயைப் பொத்திக்கொண்டார். எதைச் சொல்லி விடைபெறுவது? தேர் கண்ணுக்கு மறைந்த பிறகும் எல்லைக்கல்லோடு இன்னொரு கல்லாக நின்றார்.

பௌர்ணமியன்று தேர் போய்ச் சேர்ந்தது. மரகதவல்லி வாசலுக்கு ஓடி வந்தாள்.

"அப்பா! இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

"நீதானேம்மா வர்றேன்னு சொன்னே? பார்த்துக்கிட்டே இருந்தேன்."

"பொறந்த வீட்டிலேருந்து வந்து அழைக்காம, கட்டிக்கொடுத்த பொண்ணு தானா கிளம்பி வருவாளா? அம்மா இருந்திருந்தா முதல் ஆடிக்கே ஆள் அனுப்பியிருப்பாங்க. எந்தப் பல்லக்கு வந்தாலும் நம்ம வீட்டுப் பல்லக்கான்னு ஓடி ஓடிப் பார்த்தேன்."

ராஜா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் வழிந்தது. கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி வாஞ்சியப்பனுக்குப் போட்டார். "அந்தப் பாழும் சட்டத்தையும் இந்த நொடியே எடுத்துவிட்டேன். இன்னும் என்ன வேண்டும், கேள்!"

"அடியேனுக்கு இது போதும். மகாராஜா வந்த வேலைதான் பாக்கி. இன்னும் வாய்விட்டு அழைக்கவில்லையே."

ராஜா மேலாடையைச் சரிசெய்துகொண்டு மகள் முன்னே நின்றார். ராணி என்ன சொல்லி அழைத்திருப்பாளோ, அவருக்குத் தெரியவில்லை.

"வீட்டுக்கு வாம்மா" என்றார்.

அவள் புடவை எடுத்து வைக்க உள்ளே ஓடினாள்.