படியோரத்துப் பாசி

"மூணு தடவை வாரிட்டேம்மா. பாசி மறுபடியும் வந்துட்டுது" என்றார் பெரியநம்பி.

அவருக்கு வயது அறுபத்தொன்று. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இரண்டு வருடமாக ஆசிரமத்தில் சமையல் அவர் பொறுப்பு. அவர் அம்மா என்று அழைக்கும் குரு உமையாள் அவரைவிட இருபது வயது இளையவர்.

கொல்லையில் ஒரு சின்னக் குளம். அன்று காலை அதில் இரண்டு கெண்டைகள் செத்து மிதந்தன. மற்றவை மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

"எப்படி எடுத்தா திரும்ப வராதும்மா?"

"எடுக்கிறது இருக்கட்டும் ஐயா. உள்ளே என்ன போகுதுன்னு பாத்துட்டு வாங்க."

முதல் நாள் சாயங்காலம் வந்து சொன்னார். "வாகை மரத்து இலை. கொட்டிக்கிட்டே இருக்கு."

குளத்துக்கு மேலே வலை கட்டினார்கள்.

இரண்டாம் நாள்: "மாட்டுக் கொட்டகை கழுவுற தண்ணி, சரிவுல இறங்கி நேரா உள்ளே வருது."

வாய்க்கால் வெட்டி வாழைக்குத் திருப்பினார்.

மூன்றாம் நாள் சிரித்துக்கொண்டே வந்தார். "நான் வாரிக் கரையில போட்ட பாசியேதாம்மா. அழுகி, சாறு திரும்ப உள்ளே ஒழுகுது."

அதை அள்ளித் தொலைவில் இருந்த உரக்குழியில் போட்டார்.

இருபது நாளில் தண்ணீர் தெளிந்தது. மீன்கள் அடியில் போவது கண்ணுக்குத் தெரிந்தது.

ஆனால் மேற்குப் படியோரம் மட்டும் தெளியவில்லை. அங்கே பச்சைப் பாசிப் படலம் அப்படியே கிடந்தது. குச்சியால் குத்தினால் கறுப்புச் சேறு கிளம்பியது. நாற்றம் அடித்தது.

உமையாள் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"இங்கே மட்டும் ஏன்?"

"தெரியலைம்மா." பெரியநம்பி அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"எனக்கும் தெரியலை. நாளைக்கு நானும் உக்காந்து பாக்கறேன்."

மறுநாள் மதியம். எல்லோரும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். பெரியநம்பி கையில் ஒரு இலைப் பொட்டலத்தோடு கொல்லைக்கு வந்தார்.

மேற்குப் படியில் உமையாள் உட்கார்ந்திருந்தார்.

பெரியநம்பி நின்றுவிட்டார்.

"என்ன அது?"

"தயிர்சாதம். மீனுக்கு."

"தினமுமா?"

"வந்த நாள்லேருந்து."

"மீன் தின்னுதா?"

"கொஞ்சம் தின்னும். மிச்சம் அடியில போயிடும்."

"எவ்வளவு போடுவீங்க?"

அவர் பொட்டலத்தைப் பார்த்தார்.

"ஒரு ஆள் சாப்பாடு."

உமையாள் உள்ளங்கையை நீட்டினார்.

"எனக்குக் குடுங்க."

"நீங்க சாப்பிட்டாச்சேம்மா."

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

அவர் பொட்டலத்தைப் பிரித்து ஓர் உருண்டை எடுத்து வைத்தார். உமையாள் அதை வாயில் போட்டு நிதானமாக மென்றார்.

"உப்பே இல்லையே."

"அவளுக்கு ரத்தக்கொதிப்பு. உப்பு ஆகாது."

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது அவருக்கே தெரிந்தது. இந்த இரண்டு வருடத்தில் இறந்துபோன மனைவியைப் பற்றி அவர் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

உமையாள் மறுபடியும் கையை நீட்டினார். அடுத்த உருண்டை. பிறகு அடுத்தது. இலை காலியாகும் வரை உப்பில்லாத சோற்றைச் சாப்பிட்டார்.

குளத்தில் மீன்கள் மேலே வந்து கொஞ்சநேரம் வட்டமடித்தன. பிறகு கலைந்து போயின.

"அவங்க பேரு என்ன?"

"செண்பகவடிவு."

உமையாள் படியில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, அவருக்கு இடம் விட்டார்.

"சொல்லுங்க" என்றார்.