இராட்சசக் கிடாவைப் படம் பிடித்தவர்கள்

உலகத்தில் பயமுறுத்தத் தெரியாதவர்கள் ஏராளம் பேர் இருக்கிறார்கள். அவர்கள் எல்லாம் வேறு பிழைப்பைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறார்கள். பரஞ்சோதி மட்டும் படம் எடுத்தார்.

பேய்ப் படம் அல்ல. பேய் என்றால் அவருக்குப் பயம். அவர் எடுத்ததெல்லாம் மிருகப் படம். ஏதோ ஒரு ஆலையின் கழிவுத் தண்ணீரைக் குடித்து ஏதோ ஒரு ஜீவன் கோரமாக மாறும். ஆள் அரவம் இல்லாத இடத்தில் மாட்டிக்கொண்ட நாலு பேரைத் தின்னும். முதல் படத்தில் அது கரப்பான்பூச்சி. இரண்டாவது படத்தில் பாதி முதலை, பாதி பூனை. இரண்டுக்கும் ஜனங்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். இரண்டாவது படத்தின் இடைவேளையில் ஒரு பெரியவர் பரஞ்சோதியின் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப நாளாச்சு தம்பி இப்படிச் சிரிச்சு" என்று கண்ணைத் துடைத்தார். பரஞ்சோதி வீட்டுக்குப் போய் இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஒரே ஒரு ஆளாவது தன் படத்தால் பயந்து அலற வேண்டும், அதற்குப் பிறகு செத்தாலும் சரி என்று முடிவு செய்தார்.

மூன்றாவது படத்துக்கு 'இராட்சசக் கிடா' என்று பெயர் வைத்தார். ஒரு அணைக்கட்டின் நீர்ப்பிடிப்புப் பகுதியில், மேடு ஒன்றின் மேல், யாரும் தங்காத பழைய பங்களா இருந்தது. ஆடி பிறந்து தண்ணீர் ஏறினால் மேடு தீவாகிவிடும். பரிசல்காரர் பச்சியப்பன் அவர்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுச் சொன்னார்: "மூணாம் நாள் சாயங்காலம் வர்றேன். அதுக்கு மேல இங்க இருந்தீங்கன்னா தண்ணி பங்களாவுக்குள்ள வந்துரும்."

இறங்கியவர்கள் நாலு பேர். டைரக்டர் பரஞ்சோதி. கேமராக்காரர் தனபால், பதினெட்டு வருஷம் கல்யாண வீடியோ எடுத்தவர், ஆகவே எவனைப் படம் பிடித்தாலும் சாப்பிடும்போதுதான் பிடிப்பார். கதாநாயகன் மாதையன், ஊரில் மாவு மில் வைத்திருந்தார், நெஞ்சு நாற்பத்திரண்டு அங்குலம், நடிப்புக்கு அதுவே போதும் என்று எல்லோரும் நினைத்தார்கள். நாலாவது இருசப்பன். கிடா அவனுடையது. சொன்ன வேலையைச் சொன்னபடி செய்வான் என்று நல்ல பெயர் வாங்கியவன். கெட்டது அதனால்தான்.

முதல் காட்சியில் கிடா பங்களா வாசலில் நின்று முறைக்க வேண்டும். அது அழகாக முறைத்தது. பரஞ்சோதி திருப்தியோடு, "கட்" என்றார்.

இருசப்பன் குறுக்கே ஓடி வந்து கிடாவைத் தூணில் கட்டினான்.

"ஏன்டா கட்டினே?"

"நீங்கதானே சார் சொன்னீங்க."

"நான் எங்கடா கட்டுன்னு சொன்னேன்? கட்னுதானே சொன்னேன்?"

"நீங்க பாதி சொன்னாலே நான் புரிஞ்சுக்குவேன் சார்."

அன்று பதினொரு முறை 'கட்' சொல்லப்பட்டது. பதினொரு முறை கிடா கட்டப்பட்டது. இனி அந்தச் சொல்லையே சொல்வதில்லை என்று பரஞ்சோதி தீர்மானித்தார். ஆனால் தனபால் ஒத்துக்கொள்ளவில்லை. "கட் சொல்லாம கேமராவை நிறுத்த மாட்டேன். தொழில்னு ஒண்ணு இருக்கு."

மூவரும் உட்கார்ந்து ஆலோசித்தார்கள். இராட்சசத்துக்கு ஒரு கட்டுக்காவல்காரன் உண்டு, அது வெறிகொள்ளும்போதெல்லாம் அவன் வந்து கட்டிவிடுவான் என்று கதையை மாற்றிவிடலாம் என்றார் மாதையன். கட்டிப் போட்ட இராட்சசத்தைப் பார்த்து எவன் பயப்படுவான் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மத்தியானம் ஒரு ராத்திரிக் காட்சி எடுத்தார்கள். தனபால் கேமராவின் முன்னால் நீலக் கண்ணாடித் தாளை ஒட்டினார். "எல்லாரும் கவனிங்க, இப்ப ராத்திரி" என்று பரஞ்சோதி அறிவித்தார். அறிவித்துவிட்டுத் திரும்பினால் இருசப்பன் துண்டை விரித்துப் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

இரண்டாம் நாள் கிடாவைக் கோரமாக்கும் வேலை. காகிதக் கூழில் இரண்டு கூடுதல் கொம்பு செய்து, மைதாப் பசை காய்ச்சி, கிடாவின் நெற்றியில் ஒட்டினார்கள். விலாவில் செதில் வேண்டும் என்று வாழைச் சருகு ஒட்டினார்கள். சற்றுத் தள்ளி நின்று பார்த்தபோது பரஞ்சோதிக்கு மயிர்க்கூச்செறிந்தது.

கிடா கழுத்தைத் திருப்பி, விலாவிலிருந்த செதிலை முதலில் தின்றது. பிறகு தலையைத் தூணில் தேய்த்துக் கொம்பைக் கீழே தள்ளி, பசையை நக்கிவிட்டு, அதையும் தின்றது.

"சார், ராட்சசம் தன்னையே தின்னுக்கிட்டு இருக்கு" என்றான் இருசப்பன்.

"இது ரொம்பக் கோரமா இருக்கே" என்றார் மாதையன். "இதையே வச்சுக்கலாமே."

பரஞ்சோதி யோசனையில் ஆழ்ந்தார். ஆழ்ந்தவர் கையிலிருந்த கதைக் கட்டைத் திண்ணையின் மேல் வைத்தார். எழுந்து பார்த்தபோது கடைசி எட்டுப் பக்கம் இல்லை. கிடாவின் வாயோரத்தில் ஒரு மூலை மட்டும் தெரிந்தது. அதில் 'சுபம்' என்று இருந்தது. அதையும் அது உள்ளே இழுத்துக்கொண்டது.

"கிளைமாக்ஸ் போச்சே" என்றார் பரஞ்சோதி.

"நீங்கதானே எழுதினீங்க, ஞாபகம் இருக்காதா?" என்றார் தனபால்.

"ஞாபகம் வச்சுக்க வேண்டாம்னுதானேய்யா எழுதறது."

மாதையன் நாற்பத்திரண்டு அங்குல நெஞ்சையும் நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "சார், இப்ப கிளைமாக்ஸ் கிடாவுக்கு மட்டும்தான் தெரியும். அது என்ன பண்ணுதோ அதை அப்படியே எடுத்துருவோம்."

எல்லோருக்கும் இது நியாயமாகப் பட்டது. கேமராவை அதன் எதிரே வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். கிடா படுத்துக்கொண்டு அசைபோட்டது. ஒரு மணி நேரம் போட்டது.

"என்ன பண்ணுது?" என்று பரஞ்சோதி கிசுகிசுத்தார்.

"கதையை அசைபோடுது சார்" என்றான் இருசப்பன். "நல்லா யோசிச்சுத்தான் செய்யும்."

பொழுது சாய்ந்தபோது கிடா எழுந்து நின்று, வரிசையாகப் புழுக்கை போட்டுவிட்டு, மறுபடி படுத்துக்கொண்டது. கிளைமாக்ஸைப் பற்றி அதன் அபிப்பிராயம் அவ்வளவுதான். பரஞ்சோதி அதை இரண்டு கோணத்தில் எடுக்கச் செய்தார்.

மூன்றாம் நாள் காலையில் முக்கியமான சங்கடம் ஒன்று கவனத்துக்கு வந்தது. யானை உயரம் இருக்க வேண்டிய கிடா இடுப்பு உயரம்தான் இருந்தது. அதற்குத் தனபால் வழி வைத்திருந்தார். கேமராவுக்குப் பக்கத்தில் நிற்பது பெரிதாகத் தெரியும், தள்ளி நிற்பது சின்னதாகத் தெரியும். கிடாவைக் கேமராவின் மூக்குக்கு முன்னால் நிறுத்தினார்கள். மாதையனின் முகத்தில் குங்குமத்தைக் கரைத்து ஊற்றினார்கள்.

"நீங்க திரும்பிப் பார்க்காம ஓடணும்" என்றார் பரஞ்சோதி. "உங்க வசனம், 'ஓடுங்க, யானை ஒசரக் கிடா வருது.' நான் நில்லுன்னு சொல்ற வரைக்கும் நிக்கக் கூடாது. உயிருக்குப் பயந்து ஓடுறவன் மாதிரி ஓடணும்."

மாதையன் ஓடினார். மேட்டை விட்டு இறங்கினார். தண்ணீருக்கடியில் முழுகிப்போன பழைய ரோடு ஒன்று கரை வரைக்கும் போகிறது. அதன் மேல் இடுப்பளவுத் தண்ணீரில் ஓடினார். பரஞ்சோதி கேமராவுக்குள் பார்த்தார். கிடா யானை அளவு தெரிந்தது. மாதையன் சுண்டு விரல் அளவு தெரிந்தார். பரஞ்சோதிக்குக் கண் கலங்கியது.

"இன்னும் பெரிசாகுது சார்" என்றார் தனபால்.

"ஆகட்டும், ஆகட்டும்."

கிடா மலை அளவு ஆனது. மாதையன் மிளகு அளவு ஆனார். பிறகு கடுகு. பிறகு ஒன்றுமில்லை. "கட்" என்றார் பரஞ்சோதி. இருசப்பன் கிடாவைக் கட்டினான். நில் என்று சொல்ல யாருக்கும் ஞாபகமில்லை.

கேமராவிலிருந்து தலையை எடுத்துப் பார்த்தால் மாதையனைக் காணோம்.

"மாதையா" என்று கூப்பிட்டுப் பார்த்தார்கள். பதில் இல்லை. தனபால் மெதுவாகச் சொன்னார்: "கிடா பெரிசாகப் பெரிசாக அவர் சின்னதாயிக்கிட்டே போனார். நம்ம கண்ணாலதானே பார்த்தோம். இப்ப கண்ணுக்கே தெரியாத அளவுக்கு ஆயிட்டார்."

"அப்ப இங்கதான் எங்கயாவது இருப்பாரு" என்றான் இருசப்பன். "யாரும் அசையாதீங்க. மிதிச்சிருவீங்க."

மூவரும் செருப்பைக் கழற்றிவிட்டு, முழங்காலில் நின்று, புல்லை ஒவ்வொன்றாக விலக்கித் தேடினார்கள். ஒரு கட்டெறும்பு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனது. தனபால் அதை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இவர் இல்லை, மீசை வேற மாதிரி இருக்கு" என்றார். பசித்திருப்பாரே என்று இருசப்பன் ஒரு சோற்றுப் பருக்கையை இலையில் வைத்தான். பரஞ்சோதி மூச்சை அடக்கிக்கொண்டு தேடினார். ஒரு பெருமூச்சில் கதாநாயகன் பறந்துவிடலாம். மாதையனின் மனைவிக்கு என்ன பதில் சொல்வது, மாவு மில்லை யார் பார்ப்பது என்றெல்லாம் நினைத்து அவர் அழுதார். கண்ணீர்ச் சொட்டு மேலே விழுந்தால் மாதையன் முழுகிவிடுவாரே என்று பயந்து, வானத்தைப் பார்த்தபடியே அழுதார்.

நாலு மணிக்கே பரிசல் வந்துவிட்டது. பச்சியப்பனின் கையில் அரிவாள். கூட வந்த இரண்டு பேரில் ஒருவன் தப்பட்டை வைத்திருந்தான், இன்னொருவன் தீப்பந்தம் வைத்திருந்தான்.

"உசுரோட இருக்கீங்களா?" என்றார் பச்சியப்பன். "உங்க ஆளு ஒருத்தரு மூஞ்சி பூரா ரத்தமா கரையேறி வந்தாரு. யானை ஒசரக் கிடா வருதுன்னு கத்திக்கிட்டே சந்தைக்குள்ள பூந்தாரு. சந்தையே காலி. தக்காளிக் கூடையைப் போட்டுட்டு ஓடினவங்க இன்னும் திரும்பல. தலையாரி புளிய மரத்து மேல இருக்காரு."

பரஞ்சோதி எழுந்து நின்றார். "அலறினாங்களா?"

"அலறாம?"

"எத்தனை பேரு சிரிச்சாங்க?"

"உசுரு போற நேரத்துல யாருங்க சிரிப்பாங்க?"

"அவர் என்ன அளவுல இருந்தார்?" என்று தனபால் குறுக்கிட்டார்.

"ஆளு அளவுலதான்."

"கரையேறினதும் வளந்துட்டார்" என்று தனபால் மற்ற இருவருக்கும் விளக்கினார்.

"இப்ப எங்க இருக்காரு?" என்று கேட்டான் இருசப்பன்.

"அடுத்த ஊரையும் தாண்டிட்டாராம். நில்லுய்யான்னா நிக்க மாட்டேங்கிறாரு. டைரக்டர் சொல்லணுமாம்."

பரஞ்சோதிக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. ஒரு சந்தையே அலறியிருக்கிறது. பெருமையோடு திரும்பித் தன் கிடாவைப் பார்த்தார். அது கட்டிய கயிற்றை மென்றுகொண்டிருந்தது. அவர் முகம் மெல்ல மாறியது.

"இருசப்பா, நம்ம கிடா என்ன ஒசரம்?"

"இடுப்பு ஒசரம் சார்."

"இவங்க சொல்றது?"

"யானை ஒசரம்."

"அப்ப அது வேற கிடா."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பங்களாவின் பின்புறம் ஒரு புதர் லேசாக அசைந்தது. அடுத்த கணம் தனபால் பரிசலில் இருந்தார். கேமரா கரையில் இருந்தது. இருசப்பன் கிடாவைத் தோளில் தூக்கிக்கொண்டு, "கண்ணை மூடிக்கடா, நீ பார்க்காதே" என்று அதற்குத் தைரியம் சொன்னபடி ஓடிவந்து ஏறினான். பரஞ்சோதிக்குப் பல் தந்தியடித்தது. ஆனாலும் அவர் பரிசலில் ஏறவில்லை. பங்களாவுக்குள் ஓடினார். சுவர் விளம்பர அளவுக்கு ஒரு வெள்ளைத் தாளை விரித்து, மீதமிருந்த குங்குமக் கரைசலில் துணியை முக்கி எழுதினார். மைதாப் பசை தடவிக் கதவில் ஒட்டிவிட்டுத் தலைதெறிக்க ஓடிவந்து பரிசலில் விழுந்தார்.

கரையை விட்டு நகர்ந்ததும் அவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கதவு முழுக்க எழுத்து தெரிந்தது.

'மதிப்பிற்குரிய யானை உயரக் கிடா அவர்களுக்கு, தங்கள் திறமை பற்றிக் கேள்விப்பட்டோம். அடுத்த படத்தில் தாங்களே நடிக்க வேண்டும். சம்மதமானால் அக்கரைக்கு வந்து சந்திக்கவும். இப்படிக்கு, பரஞ்சோதி.'

இருசப்பன் அதை எழுத்துக்கூட்டிப் படித்து முடித்தான். வெகுநேரம் யோசித்தான்.

"சார், அந்தக் கிடாவுக்குப் படிக்கத் தெரியுமா?"

பரஞ்சோதி அவனை ஏற இறங்கப் பார்த்தார். இவனை எல்லாம் வைத்துக்கொண்டு படம் எடுக்க வேண்டியிருக்கிறதே என்ற சலிப்பு அவர் முகத்தில் தெரிந்தது.

"தெரியாதுன்னுதானேடா அவ்வளவு பெரிய எழுத்தா எழுதியிருக்கேன்."