விசிறிக்குப் போன வயர்

பேட்டரி ஏன் செத்தது? இந்த ஒரு கேள்வியோடுதான் கஸ்பார் ஹில்டாவிடம் வேலை கற்க வந்தார்.

கஸ்பாருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. விசைப்படகு ஓட்டியவர். ஹில்டா அவரைவிட ரொம்ப இளையவர். ஐ.டி.ஐ.யில் பாடம் நடத்திவிட்டு, தருவைக்குளத்தில் படகுகளுக்கு வயரிங் பார்க்க வந்தவர். கடற்கரையில் எல்லோருக்கும் அவர் டீச்சர். கஸ்பாரும் அப்படித்தான் கூப்பிட்டார்.

கடைசியாகக் கடலுக்குப் போனபோது, வலையை விட்டுவிட்டு எஞ்சினை அணைத்திருந்தார். திரும்பச் சாவியைத் திருப்பினால் எஞ்சின் முனகக்கூட இல்லை. வயர்லெஸ்ஸும் ஊமையாகிவிட்டது. படகு நீரோட்டத்தோடு போய்க்கொண்டிருந்தபோது அவருடைய தங்கை ஜெசிந்தாவின் கணவன் லியோனுக்கு நெஞ்சு வலித்தது. கஸ்பார் ஒரு கையால் அவனைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வயர்லெஸ் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார். வேறொரு படகு அவர்களைக் கண்டபோது லியோனின் உடம்பு குளிர்ந்திருந்தது.

புறப்படும் முன் பேட்டரியைப் பார்த்ததாகச் சொன்னார். யாரும் நம்பவில்லை. நீங்க ஒழுங்காப் பாத்திருந்தா அவர் இருந்திருப்பார் என்று கல்லறைத் தோட்டத்தில் வைத்து ஜெசிந்தா சொன்னாள். அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

ஹில்டா அவருடைய கேள்விக்குப் பதில் சொல்லாமல் வேலையை மட்டும் கற்றுக்கொடுத்தார். பிறகு அந்தப் படகு கைமாறியது. வாங்கியவர் வயரிங்கைப் பார்க்க ஹில்டாவை அழைத்தார். கஸ்பார் கரைவரை வந்தும் அதில் ஏற மறுத்தார். நான் இங்கே நிற்கிறேன், நீங்களே பாருங்கள் என்று ஹில்டா மீட்டரை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கரையிலேயே நின்றார். வேறு வழியில்லாமல் கஸ்பார் ஏறினார்.

நல்ல பேட்டரி ஒன்றை மாட்டி, மெயின் சுவிட்சை அணைத்து, வயருக்கும் பேட்டரிக்கும் நடுவில் மீட்டரை வைத்தார். பூஜ்யம் காட்ட வேண்டியது, காட்டவில்லை. எல்லாம் அணைந்திருந்தும் எதுவோ கரண்டைக் குடித்துக்கொண்டிருந்தது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். அப்போதும் நிற்கவில்லை.

பேட்டரியின் அடியில் விரலால் தடவியபோது மெல்லிய வயர் ஒன்று தட்டுப்பட்டது. சுவிட்சில் சேராமல், பேட்டரியில் மாட்டும் கிளிப்பிலிருந்தே நேராகக் கிளம்பி, படகின் அடியில் தேங்கும் உப்புத் தண்ணீருக்குள் இறங்கியது. அங்கே ஓர் ஒட்டு. செம்பு பச்சையாய்ப் பூத்திருந்தது. ஒட்டின் மேல் வலை நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. கிழிந்த வலையைப் பொத்தும்போது லியோன் போடும் முடிச்சு. வயர் போய் முடிந்த இடம் அவன் படுக்கும் பலகை. தலைமாட்டில் ஒரு சின்ன விசிறி.

வயரை அறுத்தார். மீட்டர் பூஜ்யத்துக்கு வந்தது.

வயரையும் விசிறியையும் எடுத்துக்கொண்டு கரைக்கு இறங்கினார்.

"ஜெசிந்தாகிட்ட காட்டிட்டா போதும் டீச்சர். என் பேர் சுத்தமாயிரும்."

"காட்டலாம்" என்றார் ஹில்டா.

கஸ்பார் கிளம்பவில்லை. விசிறியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது அவ அடுப்படில இருந்தது. அவனுக்கு மூச்சு முட்டும். அவதான் குடுத்து விட்டிருப்பா. இதப் பாத்தா தன்னாலதான்னு நெனச்சுருவா."

கஸ்பார் கடல் பக்கம் திரும்பினார்.

"ரெண்டையும் கடல்ல வீசிரவா?"

"இன்னைக்குக் கடலுக்குக் கெளம்புற படகுகள்ல இந்த மாதிரி வயர் இருக்குமா அண்ணே?"

"ஏகப்பட்டதுல இருக்கும்."

"அப்ப விசிறியை வெளிய காட்டாம உள்ள வைங்க. வயரைக் கொண்டுபோய் அந்தப் படகுக்காரங்ககிட்ட காட்டுங்க."

"யார் போட்டதுன்னு கேப்பாங்களே."

"உன் படகுலயும் ஒண்ணு கெடக்கும், வா பாப்போம்னு சொல்லுங்க."

கஸ்பார் வயரைக் கையில் சுற்றினார். சுற்றி முடித்தும் நகராமல் நின்றார்.

"அப்படின்னா ஜெசிந்தா கடைசி வரைக்கும் என்கிட்ட பேச மாட்டா, டீச்சர்."

ஹில்டா மீட்டரைப் பெட்டியில் வைத்து மூடினார்.

"அவங்களுக்குக் கோவப்பட ஒரு ஆள் வேணும் அண்ணே."