வில்லவராயர் பெயரில் போன ஆணை

மாதம் மூன்று மழை பெய்த ஒரு காலத்தில், குன்றாபுரி என்ற நாட்டைச் சேந்தவர்மன் என்கிற ராஜா ஆண்டுவந்தான். சபையில் இரண்டு பேரை மோதவிட்டு வெற்றிலை மெல்லுவதில் அவனுக்கு அலாதி இன்பம்.

ஒருவர் பிரதானி வில்லவராயர். மற்றவன் புது மந்திரி நக்கண்ணன், ஓடக்காரன் மகன். ராயர் இருபது வருஷம் உட்கார்ந்த வலப்பக்க ஆசனம் இப்போது அவனுக்கு. அதைப் பார்க்கும்போதெல்லாம் ராயருக்கு வயிறு எரிந்தது.

அந்தச் சமயம், பஞ்சம் பிழைக்க வந்த முந்நூறு நெசவுக் குடும்பங்கள் ஆற்று மணலில் காத்துக் கிடந்தன. ஆற்றில் வெள்ளம் ஏறிக்கொண்டிருந்தது.

"உள்ளே விடுவோம் அரசே" என்றான் நக்கண்ணன்.

"விடலாம்! தறிக்கு இரட்டை வரி, குளத்தில் தண்ணீர் எடுக்கக் கூடாது, அறுவடை முடிந்ததும் வெளியேற வேண்டும்" என்றார் ராயர்.

"நாளைக் காலைக்குள் பேசி முடியுங்கள். இல்லாவிட்டால் கதவு திறக்காது" என்றான் ராஜா.

வெளியே வந்ததும் நக்கண்ணன், "ராயரே, முதல் ஷரத்து உங்கள் பெயரில், 'உள்ளே வரலாம்' என்று. மற்ற மூன்றும் என் பெயரில். சம்மதமா?" என்று கேட்டான்.

"முதல் பெயர் என்னுடையதா?"

"உங்களுடையதுதான்."

ராயர் மீசையைத் தடவிக்கொண்டார்.

குன்றாபுரியில் ஒரு வழக்கம் உண்டு. ஷரத்தைச் சொன்னவர் பெயரை முதலில் வாசித்த பிறகே ஷரத்தை வாசிப்பார்கள். இருவரில் யார் "அடி" என்றாலும் அந்த ஷரத்தைக் கோடு போட்டு நீக்கிவிடுவார்கள். மிச்சத்துக்கு அங்கேயே முத்திரை விழும்.

மறுநாள் அரச ஓலைகளை எழுதும் ஓலைநாயகம் வாசித்தார். "வில்லவராயர் சொன்னது: நெசவாளர் உள்ளே வரலாம்."

"ஆகா!" என்றார் ராயர்.

"நக்கண்ணன் சொன்னது..."

"அடி!"

"நக்கண்ணன்..."

"அடி! அடுத்ததையும் அடி!"

முத்திரை விழுந்தது. ராஜா ஓலையை வாங்கிப் பார்த்தான். வெற்றிலை புரையேறும் அளவுக்குச் சிரித்தான்.

"ராயரே, இரட்டை வரி, குளம், அறுவடை எல்லாம் நீர் கேட்டதுதானே? ஏன் அடிக்கச் சொன்னீர்?"

ராயர் முகம் சுருங்கியது. "ஷரத்து என் காதில் விழவில்லை, அரசே. பெயர்தான் விழுந்தது."

சபை குலுங்கியது. ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி நக்கண்ணன் கழுத்தில் போட்டான்.

ஆணையில் ராயர் பெயரை மட்டுமே கேட்டு ஊருக்குள் வந்த நெசவாளர்கள் நேரே அவர் வீட்டுக்குப் போய் ஒரு பட்டுச் சால்வையை நீட்டினார்கள். ராயர் அதைத் தொடவில்லை.

"அந்த நக்கண்ணனுக்கு என்ன கொடுத்தீர்கள்?"

"அது யாருங்க சாமி?" என்றாள் முன்னால் நின்றவள்.

ராயர் சால்வையை வாங்கி இரண்டு தோளிலும் போட்டுக்கொண்டார். வரிசையின் கடைசியில் பிள்ளைகளின் மூட்டையைச் சுமந்து நின்ற நக்கண்ணன், அதை இறக்கிவைத்துவிட்டு அடுத்த குடும்பத்தைக் கூட்டிவர ஆற்றுப் பக்கம் நடந்தான்.