இறங்காத விதையும் இரண்டு சீட்டுகளும்

கேட்பவர் முதலில் அறிய வேண்டியவை சில. ஆண் குழந்தையின் விதைகள் அதன் வயிற்றுக்குள்ளேதான் உருவாகின்றன. பிறப்பதற்குள் விதைப்பைக்கு இறங்கிவிடும். சிலருக்கு ஒன்று இறங்காது. ஆறு மாதம் பொறுக்கலாம். அதன்பின், ஒன்றரை வயதுக்குள் அறுவை சிகிச்சையால் இறக்கி வைக்க வேண்டும். உள்ளேயே விட்டால் விதை கெடும். பிற்காலத்தில் புற்றுநோய்க்கும் இடமாகலாம்.

ஞானசிகாமணி இருபது ஆண்டுகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவராக இருந்துவிட்டு, நாற்பத்தாறாம் வயதில் குழந்தை அறுவை சிகிச்சை கற்க வந்தவர். அவருடைய ஆசிரியை வைதேகி அவரைவிட எட்டு வயது இளையவர்.

அன்று லாரி ஓட்டுநர் இருளாண்டி, பதினோரு மாத மகனை மடியில் இருத்தியபடி வைதேகியிடம் ஸ்கேன் தாளை நீட்டினார். ‘இடது விதை காணப்படவில்லை’ என்றிருந்தது.

"இல்லாததைத் தேடிப் பிள்ளை வயித்தைக் கிழிப்பீங்களா டாக்டரம்மா? நான் கிளம்புறேன்."

"ஒரு நிமிடம் உட்காருங்கள்."

வைதேகி வெந்நீரில் கையைச் சூடாக்கிக்கொண்டு, குழந்தையைத் தகப்பன் மடியிலேயே வைத்துத் தடவிப் பார்த்தார். இடப்பக்கம் எதுவும் தட்டுப்படவில்லை.

"எம்.ஆர்.ஐ. படம் எடுத்துவிடலாமா மேடம்?" என்றார் ஞானசிகாமணி. "மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். மயக்க மருந்தும் தர வேண்டியிருக்கும். ஆனாலும் சந்தேகம் தீருமே?"

வைதேகி இரண்டு வெற்றுச் சீட்டுகளை அவர்முன் வைத்தார்.

"எடுத்தாயிற்று என்றே வைத்துக்கொள்வோம் சார். ‘இருக்கிறது’ என்று வருகிறது. அடுத்து என்ன செய்வீர்கள்? எழுதுங்கள்."

அவர் தயங்காமல் எழுதினார்: மயக்கத்தில் மறுபடி தடவிப் பார்த்தல், தட்டுப்படாவிட்டால் வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பார்த்தல்.

"‘இல்லை’ என்று வருகிறது. அடுத்ததில் எழுதுங்கள்."

பேனா நின்றது. "படத்துக்குத் தப்பி உள்ளே இருக்கலாம்..." என்று முணுமுணுத்தபடியே எழுதி முடித்தார்.

வைதேகி இரண்டு சீட்டுகளையும் இருளாண்டியிடம் கொடுத்தார். அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"என்ன சார், பரீட்சையில காப்பியடிச்ச மாதிரி ரெண்டுலயும் ஒண்ணையே எழுதியிருக்கீங்க? அப்ப உள்ள இருந்தாலும் இருக்குமா?"

"இருக்கலாம்" என்றார் ஞானசிகாமணி. "அப்பப் பாத்துருங்க" என்றார் இருளாண்டி. ஞானசிகாமணி குரலைத் தாழ்த்தி, "எம்.ஆர்.ஐ. விஷயம், மேடம்?"

"திங்கட்கிழமையின் முதல் அறுவை இவனுக்கு. எத்தனை மணிக்குப் பாலை நிறுத்த வேண்டும் என்று தகப்பனாருக்குச் சொல்லுங்கள் சார்."

பின்னர் உறுதியானவை: மயக்கத்திலும் விதை கைக்குத் தட்டுப்படவில்லை. கேமராவில் தெரிந்தது; வயிற்றுக்குள், இடுப்பு எலும்பை ஒட்டி இருந்தது. சற்றே சிறியது, நல்ல நிறம். ஒரே அறுவையில் விதைப்பைக்கு இறங்கியது. அறுவை முடிந்த ஆறாம் மாதம் பரிசோதித்தவர் ஞானசிகாமணி. விதை அவர் விரல்களுக்குத் தட்டுப்பட்டது.